லினக்ஸ் சர்வர் போட்டது ஒரு மாலை வேலை, புள்ளியைக் காப்பாற்றியதுதான் மீதி எல்லாம்

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் நூல் பட்டியல் ஒருவழியாகப் புதுக் கணினிப் பெட்டியில் ஓடுகிறது. அபாச்சி (வெப் சர்வர்), மரியாடிபி (டேட்டாபேஸ்), பிஎச்பி (நிரல் மொழி) மூன்றையும் நிறுவுவது எப்படி என்று சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கிறது, அதற்காக இதை எழுதவில்லை. பழைய விண்டோஸ் பெட்டியில் பல வருடமாகத் தட்டச்சு செய்து சேர்த்த தமிழ்த் தரவை அப்படியே புது இடத்துக்குக் கொண்டுபோவதில் என்னென்ன சிக்கல் வரும் என்பதற்குத்தான் தமிழில் ஒரு குறிப்பும் எனக்குக் கிடைக்கவில்லை. அதே நிலைமையில் இருப்பவர்களுக்கு இது உதவலாம்.

பழைய ஏற்பாடு இதுதான். விண்டோஸ் 7, அதில் ஸாம்ப் (வெப் சர்வர், டேட்டாபேஸ், பிஎச்பி எல்லாம் சேர்ந்த தொகுப்பு), அதற்குள் பிஎச்பி 5.3, மைஎஸ்கியூஎல் 5.1 (மரியாடிபி கிளைத்து வந்த டேட்டாபேஸ்). யாரோ ஒரு கல்லூரி மாணவர் புராஜெக்டாகச் செய்து கொடுத்துவிட்டுப் போன மென்பொருள். நூல் சேர்ப்பது, உறுப்பினர் சேர்ப்பது, எடுத்தது, திருப்பியது, அவ்வளவுதான். 6,400 நூல்கள் சொச்சம். உண்மையில் நல்ல வேலை, இத்தனை காலம் உழைத்திருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் மட்டும் ஏதாவது ஒரு டேபிள் கெட்டுப்போனதாகச் சொல்லும், பழுதுபார்க்கும் கட்டளை கொடுத்தால் எழுந்துவிடும். மைஎஸ்கியூஎல் 5.1-இல் எதுவும் சொல்லாமல் டேபிள் உருவாக்கினால் அது மைஐசாம் என்ற சேமிப்பு வகையில்தான் உருவாகும், அதற்கு இந்த நோய் சகஜம். கடைசியில் ஹார்ட்டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்ததும்தான் மாற்றுவது என்று முடிவானது.

பெட்டி சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3 போட்ட பழைய டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம், ஹார்ட்டிஸ்க் இல்லாமல் 5,200 ரூபாய். 240 ஜிபி எஸ்எஸ்டி 1,650. இன்னொரு 4 ஜிபி ரேம் பழையது 600 (தேவையே இல்லை, 4 ஜிபியே இந்த வேலைக்குத் தாராளம், கடைக்காரர் பேசிய பேச்சில் வாங்கியது). ஏற்கெனவே இருந்த யுபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக 950. அப்புறம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி 30 ரூபாய். ஆக மொத்தம் 8,430.

அந்த 30 ரூபாய்ப் பேட்டரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டெபியன் 12 என்ற லினக்ஸை நெட் இன்ஸ்டால் வகையில், டெஸ்க்டாப் எதுவும் வேண்டாம், எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மட்டும் போதும் என்று நிறுவியாயிற்று. மறுநாள் மின்சாரம் இல்லாமல் கிடந்த பெட்டியைப் போட்டு மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஏபிடி அப்டேட் கொடுத்தால், வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, இத்தனை நாள் கழித்துத்தான் செல்லும் என்று அடம்பிடிக்கிறது. பிணையத்தில் கோளாறு என்று ரவுட்டரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் போனது. பயாஸ் திரையில் தேதியைப் பார்த்தால் 2014 ஜனவரி 1. காசு பேட்டரி செத்துப்போய், பெட்டி தன் பிறந்த வருடத்துக்குத் திரும்பியிருக்கிறது. செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்கினால் முதல் வேலையாக அந்தப் பேட்டரியை மாற்றிவிடுங்கள். கடிகாரம் தப்பாக இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் வரிசையாகக் குழம்பும், பிழைச் செய்திகள் பல தேதி என்ற வார்த்தையை நேராகச் சொல்லாது.

மென்பொருள் நிறுவியது ஒரே வரி. அபாச்சி, மரியாடிபி சர்வர், பிஎச்பி, அபாச்சிக்கான பிஎச்பி மாட்யூல், கூடவே பிஎச்பியின் மைஎஸ்கியூஎல், எம்பிஸ்டிரிங், இன்டில் நீட்சிகள். டெபியன் 12-இல் அபாச்சி 2.4, பிஎச்பி 8.2, மரியாடிபி 10.11 வரும். எம்பிஸ்டிரிங்கும் இன்டிலும் தானாக வராது, தமிழோடு வேலை என்றால் இரண்டும் கட்டாயம், ஏன் என்று பின்னால் வரும். டீக்கடை போய் வருவதற்குள் முடிந்துவிட்டது, பிரவுசரில் டெபியனின் சிவப்புப் பட்டை போட்ட அபாச்சிப் பக்கமும் வந்துவிட்டது. ரவுட்டரில் இந்தப் பெட்டிக்கு 192.168.1.10 என்று முகவரியை நிரந்தரமாக ஒதுக்கினேன். வெளி உலகத்துக்குத் திறக்கவில்லை. படிப்பகத்தின் வைஃபைக்குள் மட்டும்தான். மரியாடிபியும் டெபியனில் தன் பெட்டிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும்படிதான் வருகிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பழைய நிரல் எடுத்த எடுப்பில் ஓடாது என்பது தெரிந்ததுதான். மைஎஸ்கியூஎல்_கனெக்ட் வகையறா ஃபங்ஷன்கள் பிஎச்பி 5.5-லேயே வேண்டாம் என்று சொல்லப்பட்டு, 7.0-இல் மொத்தமாக நீக்கப்பட்டுவிட்டன. 30 கோப்புகள்கூட இல்லை, உட்கார்ந்து, டேட்டாபேஸோடு பேசும் பிடிஓ என்ற முறைக்கு மாற்றினேன். மாற்றும்போதே பயனர் தட்டியதை அப்படியே வினவலில் ஒட்டியிருந்த இடங்களையும் சரிசெய்தாயிற்று. ரூட் பயனர், கடவுச்சொல் காலி என்று ஸாம்ப்பில் இருந்தது இங்கே செல்லாது. டெபியனின் மரியாடிபியில் ரூட், லினக்ஸ் ரூட்டாக இருந்தால்தான் உள்ளே விடும், வெப் சர்வரிலிருந்து வந்தால் கதவைச் சாத்திவிடும். இந்த ஒரு டேட்டாபேஸுக்கு மட்டும் உரிமை உள்ள தனிப் பயனர் ஒன்றை உருவாக்கிக் கொடுத்தேன்.

அடுத்தது விண்டோஸ்காரர்களுக்கே உரிய சமாச்சாரம். ஒரு கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், அதை அழைக்கும் வரியில் சின்ன எழுத்தில் இருக்கும். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கைவிரிக்கும். டேபிள் பெயர்களிலும் அதே கதை. மரியாடிபியில் இதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது, டேபிள் பெயர் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். நான் நிரலையே திருத்தினேன், அடுத்த முறை யாராவது இன்னொரு பெட்டிக்கு மாற்றும்போது அந்த அமைப்பு அவருக்கு நினைவிருக்கப் போவதில்லை.

இதுவரை ஒரு மாலை. சரி, தரவை ஏற்றிவிட்டால் முடிந்தது என்று பழைய பெட்டியில் டம்ப் (தரவு முழுவதையும் கட்டளைகளாக எழுதிய கோப்பு) எடுத்து இங்கே இறக்கினேன். பட்டியலைத் திறந்தால் நூல் பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி, மறுபடியும் அதே ஏ. தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை.

நடந்தது என்னவென்றால், யுடிஎஃப்-8-இல் (யூனிகோடு எழுத்தைப் பைட்டுகளாக எழுதும் முறை) அன்றாடத் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தின்-1-இல் 224 என்றால் சாய்கோடு போட்ட ஏ, 174 என்றால் வட்டத்துக்குள் ஆர். பழைய டேட்டாபேஸின் டேபிள்கள் எல்லாம் லத்தின்-1. நிரலும் இணைப்பின் எழுத்துக் குறியீட்டைச் சொல்லவே இல்லை, அதனால் இணைப்பும் லத்தின்-1. பிரவுசர் அனுப்பிய யுடிஎஃப்-8 பைட்டுகளை டேட்டாபேஸ் ஏதோ ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து வாங்கி வைத்துக்கொண்டது, கேட்டபோது அதே பைட்டுகளைத் திருப்பிக் கொடுத்தது, பிரவுசர் அதைத் தமிழாகக் காட்டியது. இரண்டு பக்கமும் ஒரே பொய்யைச் சொன்னதால் இத்தனை வருடம் யாருக்கும் தெரியவில்லை. டம்ப் எடுக்கும் கருவி மட்டும் நேர்மையாக நடந்துகொண்டு, லத்தின்-1 என்று எழுதியிருந்ததை நம்பி யுடிஎஃப்-8-க்கு மாற்றிவிட்டது. ஏற்கெனவே யுடிஎஃப்-8 ஆக இருந்தது இன்னொரு முறை யுடிஎஃப்-8 ஆனது.

உங்கள் தரவு இந்த நிலையில் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, பழைய பெட்டியில் தமிழ் என்ற சொல் மட்டும் உள்ள ஒரு ஃபீல்டின் எழுத்து எண்ணிக்கையைக் கேட்பது. ஒழுங்காக இருந்தால் 5 என்று சொல்லும் (த, ம, இகரக் குறி, ழ, புள்ளி). 15 என்று சொன்னால் அது பைட்டுகளை எண்ணுகிறது, நீங்களும் நம்ம கட்சி.

இதைச் சரிசெய்ய முதலில் கையில் எடுத்தது பைத்தான் நிரல் மொழி. டம்ப் கோப்பைப் படி, விண்டோஸ்-1252 (லத்தின்-1-இன் விண்டோஸ் வடிவம்) குறியீட்டில் பைட்டுகளாக்கு, அதை யுடிஎஃப்-8 ஆகத் திரும்பப் படி. இரண்டே வரி. ஓடவிட்டால் ஏதோ ஓர் எழுத்துக்கு இணையில்லை என்று நின்றது. பிழையைப் பொருட்படுத்தாதே என்று இரண்டு வரியிலும் ஒரு சொல்லைச் சேர்த்ததும் சமர்த்தாக ஓடி முடித்தது. திறந்தால் தமிழ் தமிழாகத் தெரிந்தது, அந்த மகிழ்ச்சியில் படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வகைப்பிரிவு இருந்த ஃபீல்டைப் பார்த்தார்.

“என்ன தம்பி, சிறகதைன்னு போட்டிருக்கு? எறக்கை வெச்ச கதையா?”

சிறுகதை சிறகதை ஆகியிருந்தது. கட்டுரை கடடரை. நாவல் புள்ளியில்லாமல் நாவல. புத்தகம் என்ற சொல் பததகம. ஏடு என்று தொடங்கிய ஒரு தலைப்பில் மிச்சம் வெறும் ட.

காரணம் அழகானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விண்டோஸ்-1252-இல் ஐந்து பைட்டுகளுக்கு எழுத்தே ஒதுக்கப்படவில்லை: 129, 141, 143, 144, 157. புள்ளியின் யுடிஎஃப்-8 பைட்டுகள் 224, 175, 141. உகரக் குறிக்கு 224, 175, 129. ஏ என்ற எழுத்துக்கு 224, 174, 143. ஐ என்ற எழுத்துக்கு 224, 174, 144. ஐந்தில் நான்கு நேராகத் தமிழின் தலையில் வந்து விழுகின்றன, அதிலும் புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ் வாக்கியம் ஏது. பிழையைப் பொருட்படுத்தாதே என்றதும் பைத்தான் அந்த நான்கையும் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிட்டது. இணையத்தில் கிடைக்கும் குறியீடு மாற்றும் கருவிகளையோ விண்டோஸ் எடிட்டர்களையோ வைத்து இதைச் செய்தாலும் இதே விபத்து நடக்க வாய்ப்பு உண்டு. மைஎஸ்கியூஎல் தன் லத்தின்-1-இல் அந்த ஐந்தையும் எதையும் இழக்காமல் அப்படியே கடத்திவிடும், ஆகவே வேலையை அதன் கையிலேயே விடுவதுதான் பாதுகாப்பு.

சரியான வழி இது. பழைய பெட்டியில் டம்ப் எடுக்கும்போதே இணைப்புக் குறியீடு லத்தின்-1 என்று சொல்லிவிட வேண்டும், குறியீடு அமைக்கும் வரியை டம்ப்பில் எழுதாதே என்றும் சொல்ல வேண்டும். அப்போது மாற்றம் எதுவும் நடக்காது, பைட்டுகள் உள்ளபடியே வெளியே வரும். வெளியீட்டை அம்புக்குறி போட்டுத் திருப்பாமல் ரிசல்ட் ஃபைல் என்ற தேர்வில் கோப்புப் பெயரைக் கொடுங்கள், விண்டோஸின் பவர்ஷெல்லில் அம்புக்குறி போட்டால் அது கோப்பை யுடிஎஃப்-16 ஆக எழுதிவைக்கும், அது தனித் தலைவலி. லினக்ஸ் பக்கம் வந்ததும், டம்ப்பில் டேபிள் உருவாக்கும் கட்டளை முடியும் வரிகளில் மட்டும் லத்தின்-1 என்பதை யுடிஎஃப்8எம்பி4 என்றும், மைஐசாம் என்பதை இன்னோடிபி என்றும் செட் (sed) என்ற கட்டளையால் மாற்றினேன். இன்னோடிபிக்கு மாறியதும் மின்சாரம் போனால் டேபிள் கெடும் தொல்லையும் ஒழிந்தது. வேண்டுமென்றே ஒருமுறை எழுதிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன், பெட்டி எழுந்ததும் தானே பதிவேட்டைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு ஓடியது.

எம்பி4 எதற்கு என்று கேட்டால், மைஎஸ்கியூஎல் உலகத்தில் வெறும் யுடிஎஃப்8 என்பது மூன்று பைட் வரைதான் தாங்கும். அன்றாடத் தமிழுக்கு அது போதும். எமோஜிக்குப் போதாது, 2019-இல் யூனிகோடில் சேர்ந்த பழைய தமிழ் அளவைக் குறிகளுக்கும் பின்னங்களுக்கும் போதாது. டெபியன் மரியாடிபியை யுடிஎஃப்8எம்பி4 அமைப்போடுதான் தருகிறது, அதைத் தொட வேண்டியதில்லை.

இப்போது இறக்கினால் புள்ளி, உகரம், ஏ, ஐ எல்லாம் இருக்கின்றன. ஆனால் பாதியில் நின்றது, சரியற்ற எழுத்து மதிப்பு என்று. ஒவ்வொரு முறையும் நீளமான தலைப்பு உள்ள நூலில்தான் நிற்கிறது. தலைப்பு ஃபீல்டின் நீளம் 100 என்று அந்த மாணவர் வைத்திருந்தார். லத்தின்-1-இல் 100 எழுத்து என்றால் 100 பைட். தமிழுக்கு அது 33 குறிதான் ஆகும். கடைசி எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழுந்திருக்கிறது. பழைய மைஎஸ்கியூஎல் அந்த அமைப்பில் நீளமானதைச் சத்தமில்லாமல் கத்தரிக்கும், புதிய மரியாடிபி கண்டிப்பான முறையில் இயங்குவதால் அரை எழுத்தைக் கண்டதும் நிறுத்திவிட்டது. இதற்குப் பழைய பெட்டியிலேயே தலைப்பின் நீளம் 98-க்கு மேல் உள்ள வரிகளை முதலில் எடுத்து வைத்துக்கொண்டேன். 400-க்குக் கொஞ்சம் மேல் இருந்தது. அதன் பிறகு குறியீடு மாற்றும் ஐகான்வ் கருவியில், செல்லாத பைட்டை மட்டும் விட்டுவிடு என்ற தேர்வைப் போட்டு டம்ப்பைச் சுத்தம் செய்ததும் முழுதும் இறங்கியது.

வெட்டுப்பட்ட தலைப்புகளை எந்த நிரலாலும் மீட்க முடியாது. அக்காவும் இரண்டு கல்லூரிப் பிள்ளைகளும் பட்டியலை வைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து நூல்களை எடுத்து எடுத்துப் பார்த்து மறுபடி தட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகள் அதில்தான் போயின. தலைப்பு வெட்டுப்பட்ட விஷயத்தை ஒரு கட்டுரைத் தொகுப்பின் முழுப் பெயரைத் தேடி வந்து கிடைக்காமல் திரும்பியவர்களிடமும் கேட்டிருக்கலாம், தலைப்பின் பின்பாதியைத் தட்டித் தேடினால் வராது என்பது அவர்களுக்கு எப்போதோ தெரியும்.

அகரவரிசை அடுத்தது. பழைய மென்பொருளில் வரிசை ஒருமாதிரியாகத்தான் இருக்கும், யாரும் கேட்கவில்லை. சரி, வந்தது வந்தோம் என்று அதையும் பார்த்தேன். டெபியன் 12 தரும் பொது வரிசைமுறை தமிழை யூனிகோடு எண்படி அடுக்குகிறது. அதில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் கலை முன்னால் வந்து கல்வி பின்னால் போகும். ற என்பது வ-வுக்கு முன்னால் இருப்பதால் அறம் முன்னும் அவல் பின்னும். ஜ, ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் போய் உட்காரும். மரியாடிபி 10.11-இல் தமிழுக்கென்று தனி வரிசைமுறை இல்லை. பிஎச்பியின் இன்டில் நீட்சியில் இருக்கிறது, கொலேட்டர் என்ற வகுப்பைத் தமிழ் என்று சொல்லி உருவாக்கினால் நம் அகராதி வரிசை வரும். ஒவ்வொரு முறையும் 6,400 நூலையும் பிஎச்பியில் அடுக்க வேண்டாமே என்று, தலைப்பைச் சேமிக்கும்போதே அதன் வரிசைச் சாவியை (அடுக்குவதற்கான பைட் தொடர்) வாங்கித் தனியாக, வெறும் பைட்டுகளை வைக்கும் ஒரு வார்பைனரி ஃபீல்டில் போட்டுவிட்டு, பட்டியலை அந்த ஃபீல்டால் அடுக்குகிறேன். கல்வி, கலை என்று ஒழுங்காக வருகிறது. டெபியன் அடுத்த பதிப்புக்குப் போகும்போது இன்டில் நம்பியிருக்கும் ஐசியூ நிரல் தொகுப்பும் மாறும், அப்போது எல்லாச் சாவிகளையும் புதிதாக உருவாக்க வேண்டும். அதற்கான நிரலைத் தனிக் கோப்பாகவே வைத்திருக்கிறேன்.

அதே சேமிக்கும் இடத்தில் இன்னொரு வேலையும் செய்தேன். கொ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகவும் தட்டலாம். பார்க்க ஒன்று, தேடினால் வேறு. இன்டிலில் இருக்கும் நார்மலைசர் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தேடல் பெட்டியில் தட்டுவதையும் அதே வழியில் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் பயனில்லை. பட்டியல் பக்கத்தில் நீளத் தலைப்பை வெட்டிக் காட்டும் இடத்தில் பழைய நிரலின் சப்ஸ்டர் ஃபங்ஷன் பைட்டை வெட்டி, கடைசியில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியைக் காட்டியது. எம்பி_சப்ஸ்டர் போட்டால் அது போய்விடும், ஆனால் பு என்பதில் பகரத்தை வைத்துக்கொண்டு உகரத்தை வெட்டும் சாத்தியம் உண்டு, கிராஃபீம்_சப்ஸ்டர்தான் எழுத்தை எழுத்தாகப் பார்க்கிறது.

சில்லறை விஷயங்கள். விலையைக் காலியாக விட்டால் பழையது பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது, புதியது பிழை என்றது, காலி என்றால் நல் (NULL, மதிப்பே இல்லை) என்று அனுப்பும்படி மாற்றினேன். அட்டைப்படம் ஏற்றும் வசதி சேர்த்ததும் போனில் எடுத்த படம் எதுவும் ஏறவில்லை. பிஎச்பி ஒரு கோப்புக்கு 2 எம்பிதான் அனுமதிக்கும். அதை 12 ஆக்கியும் ஏறவில்லை, ஏனென்றால் டெபியனில் பிஎச்பிக்கு இரண்டு அமைப்புக் கோப்புகள், ஒன்று கட்டளை வரிக்கு, இன்னொன்று அபாச்சிக்கு. கட்டளை வரிக்கானதை எவ்வளவு திருத்தினாலும் வெப்பில் ஒன்றும் ஆகாது. எது படிக்கப்படுகிறது என்பது பிஎச்பிஇன்ஃபோ பக்கத்தின் மேல்பகுதியிலேயே இருக்கும், பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தை மறக்காமல் அழித்துவிடுங்கள். அபாச்சியின் கோப்பில் மொத்த அளவையும் 16 ஆக்கி, அபாச்சியை மறுதொடக்கம் செய்ததும் சரியாகிவிட்டது.

காப்புப் பிரதிக்கு குறித்த நேரத்தில் தானே ஓடும் கிரானை நள்ளிரவுக்குப் போட்டுப் பயனில்லை, இரவு 8 மணிக்குப் படிப்பகத்தைப் பூட்டும்போது பெட்டியையும் அணைத்துவிடுவார்கள். அதனால் சிஸ்டம்டி டைமரில், பெட்டி எழுந்து பத்து நிமிடம் கழித்து டம்ப் எடுத்துச் சுருக்கி, பின்னால் செருகியிருக்கும் பென்டிரைவில் தேதியோடு போடும்படி வைத்தேன். அந்தக் கோப்பை என் லேப்டாப்பில் இறக்கிப் பார்த்து, தமிழ் என்ற சொல்லுக்கு 5 என்று வந்த பிறகுதான் பழைய ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றினேன்.

இன்னொரு தடவை செய்தால், நிரலைத் தொடுவதற்கு முன்பே பழைய டேட்டாபேஸில் எழுத்து எண்ணிக்கையையும், ஃபீல்டு நிரம்பி வழிந்த வரிகளையும் பார்த்துவிடுவேன். தலைப்பு மறுபடி தட்டும் வேலையை முதல் வாரத்திலேயே ஆரம்பித்திருந்தால் நான் பிஎச்பியோடு மல்லுக்கட்டும் நேரத்தில் அது பாட்டுக்கு நடந்திருக்கும். இரண்டாவது ரேமை வாங்க மாட்டேன்.

பாக்கி இருப்பது, கௌரி என்பதைக் கெ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டியவை. நார்மலைசர் இதைத் தொடாது, அதன் கண்ணில் அது முறையான வேறொரு சொல். ஸ்ரீயும் அப்படித்தான், ஸ போட்டு ஒன்று, 2005-இல் யூனிகோடில் வந்த ஶ போட்டு ஒன்று, திரையில் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. ஸ்ரீயை ஒரே வரியில் மாற்றிவிடலாம். கெளவைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது, கெளுத்தி மீனைப் பற்றியும் ஒரு நூல் இருக்கிறது. இப்போதைக்கு அந்த வரிகளை மட்டும் அச்செடுத்து அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், சிவப்புப் பேனாவில் டிக் போட்டுத் தருவதாகச் சொன்னார்.